சிட்டி பில்டிங் கேம்களில் விவசாய மண்டலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரம் கட்டும் கேமில் பெரும்பாலானோர் முதலில் வீடு, அடுத்து கடை, அப்புறம் தொழிற்சாலை என்று போய்க்கொண்டே இருப்பார்கள். விவசாயத்தின் பக்கம் திரும்புவது, தொழிற்சாலைக் கழிவால் பாதி ஊர் நோயில் படுத்த பிறகுதான். அதற்கு முன்பே திரும்ப நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். பதில்கள் பெரும்பாலும் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் முதல் பாகத்தை (2015) வைத்துச் சொல்லப்படுகின்றன, ஏனென்றால் கேள்விகள் அதைப் பற்றித்தான் அதிகம் வருகின்றன. சிம்சிட்டி 4, ஸ்கைலைன்ஸ் இரண்டாம் பாகம், பேனிஷ்ட் மாதிரியான பிழைப்பு வகை கேம்கள் எல்லாம் தேவையான இடத்தில் வரும்.

விவசாய மண்டலம் என்று எதைச் சொல்கிறீர்கள்? எல்லா கேமிலும் ஒன்றுதானா?

இல்லை, கேமுக்குக் கேம் மாறும். 2003இல் வந்த சிம்சிட்டி 4இல் தொழில் சோன் (எந்த வகைக் கட்டடம் வரலாம் என்று நிலத்தில் குறித்துவிடும் பகுதி) மூன்று வகை: விவசாயம், நடுத்தர அடர்த்தி, அதிக அடர்த்தி. விவசாயத்தைத் தேர்ந்தெடுத்து நிலத்தில் இழுத்துவிட்டால் பண்ணை வந்துவிடும். அதற்கு முந்தைய சிம்சிட்டி 3000இல் தனி சோன் கிடையாது. குறைந்த அடர்த்தித் தொழில் சோனை ஊருக்கு வெளியே, மதிப்புக் குறைந்த நிலத்தில் போட்டால் பண்ணை தானாக முளைக்கும்.

ஸ்கைலைன்ஸில் இரண்டு படி. வழக்கமான மஞ்சள் தொழில் சோனைப் போட வேண்டும். அதன் மேல் ஒரு மாவட்டம் வரைந்து, அந்த மாவட்டத்தின் சிறப்புத் தொழிலாக விவசாயத்தைத் தேர்வு செய்ய வேண்டும். காடு, தாது, எண்ணெய் ஆகியவை மற்ற மூன்று சிறப்புத் தொழில்கள். இரண்டாம் பாகத்தில் (2023) பண்ணைக் கட்டடத்தை வைத்துவிட்டு, வயலின் எல்லையை நீங்களே வரைந்துகொள்ளலாம்.

சரி, இதனால் முதல் பலன் என்ன?

நிலம் கெடாமல் வேலைவாய்ப்பு கிடைப்பது. மற்ற பலன்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஸ்கைலைன்ஸில் தொடக்க நிலை சாதாரணத் தொழிற்சாலை, தான் நிற்கும் மண்ணைக் கெடுக்கும். அந்தக் கெடுதல் மெல்லப் பரவி அருகிலுள்ள வீடுகளைத் தொட்டால் மக்கள் நோய்வாய்ப்படுவார்கள். இதைவிட மோசமான ஒன்று உண்டு. புதியவர்கள் ஆற்றங்கரை பம்பு வைக்க இடமில்லாமல் தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் வைப்பார்கள். அந்தக் கோபுரம் நிலத்தடி நீரை எடுக்கிறது. அது நிற்கும் மண் கெட்டால் கெட்ட தண்ணீர் குழாய் வழியாக ஊர் முழுக்கப் போகும். தொழிற்சாலையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிற தெருவில் எல்லோரும் ஏன் நோயில் கிடக்கிறார்கள் என்று ஆடுகிறவர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்.

விவசாயமும் காட்டுத் தொழிலும் இந்த மண் கெடுதலைச் செய்வதில்லை. தண்ணீர்க் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே வயலைப் போடலாம். ஊருக்கும் தொழில் பகுதிக்கும் நடுவே அகலமான இடைவெளி விட வேண்டியதில்லை என்பதால், தொடக்கத்தில் கிடைக்கும் அந்த ஒரே சதுரத்தில் நிறைய இடம் மிச்சமாகும். சாலை போடும் செலவும் குறையும். ஆரம்பப் பணம் சாலையிலேயே கரைவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு எச்சரிக்கை: சத்தம் உண்டு. கெடுதல் இல்லை என்று நினைத்து வீட்டுச் சோனின் சுவரை ஒட்டிப் பண்ணையைப் போட்டால் சத்தத்தால் அந்த வீடுகளின் மகிழ்ச்சி குறையும். நடுவில் ஒரு வரிசை மரங்களை வைத்துவிடுங்கள்.

வரி நிறைய வருமா?

வராது. அதை எதிர்பார்த்து விவசாயம் போடாதீர்கள். சிறப்புத் தொழில் கட்டடங்கள் மட்டம் ஏறுவதில்லை. சாதாரணத் தொழிற்சாலை ஒன்றாம் மட்டத்திலிருந்து மூன்றாம் மட்டம் வரை ஏறும், ஏற ஏற வரி கூடும், கெடுதலும் குறையும். வயல் எப்போதும் வயல்தான். வரவு மட்டும் பார்த்தால் நன்கு படித்த ஊரில் அலுவலக சோன் இதை எளிதாகத் தோற்கடித்துவிடும்.

ஆனால் செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மருத்துவமனைச் சுமை குறைகிறது, காலி நிலமாக விட வேண்டிய இடம் குறைகிறது. இவை எதுவும் பட்ஜெட் பட்டியலில் 'விவசாயத்தால் மிச்சமானது' என்று தனி வரியாக வராது. அதனால்தான் பலர் விவசாயத்தை நஷ்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

படிக்காதவர்களுக்கு வேலை கிடைக்கும் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

உண்மைதான். புது ஊரில் பள்ளி இருக்காது, இருந்தாலும் குழந்தைகள் படித்து வளரக் காலம் ஆகும். அலுவலகம் படித்தவர்களைக் கேட்கிறது, மட்டம் ஏறிய தொழிற்சாலையும் கேட்கிறது. பண்ணை அப்படிக் கேட்பதில்லை. கையில் இருக்கிற மக்களை வைத்து உடனே ஓடும்.

பின்னால் ஊர் முழுக்கப் பட்டதாரிகள் ஆனதும் பண்ணைக்கு யார் போவார்கள் என்ற கவலை வரும். ஸ்கைலைன்ஸில் அதிகம் படித்தவரும் குறைந்த படிப்பு போதுமான வேலைக்குப் போவார், ஆகவே பண்ணை உடனே மூடிவிடாது. இன்னொரு நகரம் கட்டும் கேமான ஆனோ 1800இல் கதை வேறு. அங்கே விவசாயி, தொழிலாளி என்று ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி ஆள்பலக் கணக்கு. வரிக்கு ஆசைப்பட்டு எல்லா விவசாயி வீடுகளையும் தொழிலாளி வீடுகளாக உயர்த்தினால் உருளைக்கிழங்குப் பண்ணையில் ஆள் இல்லாமல் போகும். கிழங்கு இல்லையென்றால் மதுவும் இல்லை, மது இல்லையென்றால் மிச்சமிருக்கும் விவசாயிகளுக்கும் கோபம்.

வளமான நிலம் இல்லாத இடத்தில் விவசாயம் போட்டால் என்ன ஆகும்?

போடலாம், கேம் தடுக்காது. வேறு வகைக் கட்டடம் வரும், அவ்வளவுதான். ஸ்கைலைன்ஸில் வளமான நிலத்தின் மேல் வருவது பயிர் விளைவிக்கும் கட்டடம். வளம் இல்லாத மண்ணில் வருவது பதப்படுத்தும் கட்டடம். பதப்படுத்துமிடத்துக்குத் தானியம் வேண்டும். உள்ளூரில் விளையவில்லை என்றால் மேப்புக்கு வெளியிலிருந்து லாரியில் இறக்குமதி ஆகும்.

ஆகவே சரியான வழி, மாவட்டத்தை வளமான நிலத்தின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியேயும் வரைவது. உள்ளே விளையும், விளிம்பில் பதப்படும், லாரி இரண்டு தெரு தள்ளிப் போனால் போதும். இயற்கை வளங்களைக் காட்டும் வரைபடப் பார்வையை முதல் சாலை போடும் முன்பே ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். நல்ல மண்ணின் மேல் அடுக்குமாடி வந்துவிட்ட பிறகு பார்ப்பது வயிற்றெரிச்சல்தான்.

விளைந்தது எங்கே போகிறது? யார் சாப்பிடுகிறார்கள்?

அடிப்படை கேமில் சங்கிலி இப்படி: வயலில் தானியம், பதப்படுத்துமிடத்தில் உணவுப் பொருள், அதை எடுத்துச் சாதாரணத் தொழிற்சாலை விற்பனைச் சரக்காக்கும், சரக்கு கடைக்குப் போகும். கடையில் வாங்குவது உங்கள் மக்கள். எங்காவது உபரி இருந்தால் ஏற்றுமதி, பற்றாக்குறை இருந்தால் இறக்குமதி.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது: விவசாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற தொழிற்சாலைகளை அடியோடு எடுத்துவிட்டால் சங்கிலியில் நடுக்கண்ணி போய்விடும். உணவுப் பொருள் வெளியே போகும், கடைச் சரக்கு வெளியிலிருந்து வரும், இரண்டுக்கும் லாரி ஓடும். 'பசுமை நகரம்' கட்டுகிறேன் என்று ஆரம்பித்து, ஹைவே முழுக்க லாரியாக நிற்கும் ஊர்களுக்கு இதுதான் காரணம். கொஞ்சம் சாதாரணத் தொழிற்சாலையை வீடுகளிலிருந்து தள்ளி ஒரு மூலையில் வைத்திருங்கள்.

டிராஃபிக் நெரிசல் வராமல் வயலை எங்கே வைப்பது?

விவசாயத்தின் உண்மையான தொந்தரவு இங்கேதான். எல்லாச் சிறப்புத் தொழில்களையும் போல விவசாயமும் நிறைய லாரிகளை விடும். வளமான நிலம் மேப்பின் மூலையில் இருக்கும், ஊர் நடுவில் இருக்கும், ஹைவே இன்னொரு பக்கம் இருக்கும். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் தானிய லாரி எல்லாம் ஊரின் கடைவீதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்.

முதல் வேலை, விவசாயப் பகுதிக்கென்று ஹைவேயில் தனி இறக்கம். ஊர்ச்சாலையோடு இணைப்பு வேண்டும், ஏனென்றால் வேலைக்கு ஆள் வர வேண்டும். ஆனால் லாரிக்கு ஊர்வழி குறுக்குவழியாக அமையக் கூடாது. லாரி ஓட்டுநர் சோம்பேறி, நேரம் குறைவான வழியைத்தான் எடுப்பார். அதனால் ஊர்ப் பக்க இணைப்பை வளைத்து நீட்டிவிடுங்கள் அல்லது கனரக வாகனத் தடைக் கொள்கையை ஊர் மாவட்டத்துக்குப் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வயலுக்குள் சதுரக் கட்டம் கட்டமாகச் சாலை போடாதீர்கள். ஒவ்வொரு சந்திப்பும் லாரி நிற்கும் இடம். நீளமான, இணையான சாலைகள், இரண்டு முனையிலும் சேகரிப்புச் சாலை. ஸ்கைலைன்ஸில் சோன் சாலையிலிருந்து நான்கு கட்டம் ஆழம் வரைதான் போகும், எனவே இணைச் சாலைகளுக்கு நடுவே எட்டுக் கட்டம் விட்டால் ஒரு கட்டமும் வீணாகாது.

மூன்றாவது, சரக்கு ரயில் நிலையம். ஏற்றுமதி அளவு கூடியதும் இதை விவசாயப் பகுதிக்குள்ளேயே வைக்கலாம். ஆனால் பயணிகள் ரயில் ஓடும் அதே தண்டவாளத்தில் இதை இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும். தனித் தடம் செலவுதான், ஆனாலும் போடுங்கள்.

வயல்கள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன?

மேலே சொன்ன அதே நான்கு கட்டம்தான் காரணம். ஒரு கட்டம் 8 மீட்டர். அதிகபட்ச மனை 32க்கு 32 மீட்டர், அதாவது நம் கணக்கில் சுமார் 25 சென்ட். அதில் ஒரு கொட்டகையும் வைத்துவிட்டு 'பண்ணை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் ஸ்கைலைன்ஸின் இண்டஸ்ட்ரீஸ் டிஎல்சி (தனியாக வாங்கும் கூடுதல் தொகுப்பு) வாங்கலாமா?

விவசாயம் பிடித்திருந்தால் கண்டிப்பாக. 2018 அக்டோபரில் வந்தது. இதில் வயல் சோனிலிருந்து தானாக முளைப்பதில்லை. பண்ணையின் தலைமைக் கட்டடத்தை வைத்து, தொழில் பகுதியை வரைந்து, பயிர் வயல், பழத்தோட்டம், மேய்ச்சல் நிலம், மாட்டுக் கொட்டகை, மாவு மில், தானியக் குதிர் என்று ஒவ்வொன்றாக நீங்களே வைக்க வேண்டும். பயிர் மேய்ச்சலுக்குப் போகும், மேய்ச்சலிலிருந்து கால்நடைப் பொருள் வரும், மில்லிலிருந்து மாவு வரும், பேக்கரி போன்ற தனித்துவத் தொழிற்சாலைகள் அவற்றை எடுத்துக்கொள்ளும். உற்பத்தியும் ஆட்களும் கூடக்கூட அந்தப் பகுதி மட்டம் ஏறி, புதுக் கட்டடங்கள் திறக்கும்.

முன்பு 'வருமானம் வராது' என்று சொன்னது இங்கே பொருந்தாது. சங்கிலியைச் சரியாக ஓட்டினால் நல்ல லாபம். ஆனால் கட்டடப் பராமரிப்புச் செலவு உங்கள் தலையில். குதிர் வைக்காமல் மில்லை மட்டும் வைத்துவிட்டு லாரி வரவில்லையே என்று காத்திருந்தால் காசு போய்க்கொண்டே இருக்கும்.

எண்ணெய் இருக்கிற மேப்பில் விவசாயம் எதற்கு?

எண்ணெயும் தாதுவும் தீர்ந்துபோகும். வளமான நிலம் தீராது. எண்ணெயை நம்பிப் பெரிய தொழில் பகுதி கட்டியவர்கள், ஊற்று வற்றிய பிறகு அந்தக் கட்டடங்களுக்குக் கச்சாப் பொருளை இறக்குமதி செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மண்ணும் கெட்டிருக்கும். (எண்ணெயும் தாதுவும் தீராமல் வைக்கும் மோட், அதாவது விதியை மாற்றும் இணைப்பு, கேமோடு சேர்ந்தே வருகிறது. அதைப் போட்டுக்கொண்டால் இந்த வாதம் செல்லாது, சாதனைப் பதக்கங்களும் கிடைக்காது.)

இரண்டாம் பாகத்தில் என்ன மாறியிருக்கிறது?

தானியம், காய்கறி, பருத்தி, கால்நடை என்று எதை விளைவிப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். பருத்தி துணித் தொழிலுக்குப் போகும், தானியமும் காய்கறியும் உணவுத் தொழிலுக்கு. தொழில் வரியைப் பொருளுக்குப் பொருள் தனித்தனியாக வைக்க முடிவது முக்கியமான வசதி. ஊருக்குத் தானியம் அவசியம் என்றால் அதற்கு மட்டும் வரியைக் குறைத்து ஊக்கம் கொடுக்கலாம். 2024 ஜூனில் வந்த பெரிய அப்டேட் பொருளாதாரக் கணக்கையே மாற்றிவிட்டது, எனவே அதற்கு முந்தைய வீடியோக்களில் வரும் லாபக் கணக்குகளை நம்பாதீர்கள்.

சிம்சிட்டி 4இல் என் பண்ணைகள் தானாகக் காணாமல் போகின்றன. ஏன்?

தேவை குறைந்துவிட்டது. ஊர் படிக்கப் படிக்க விவசாயத்துக்கும் அழுக்குத் தொழிலுக்கும் தேவை இறங்கி, உயர் தொழில்நுட்பத் தொழிலுக்குத் தேவை ஏறும். இதை எதிர்த்து நிற்பதைவிட, அந்த கேமின் பெரிய பலமான, பல ஊர்களை அடுத்தடுத்த சதுரங்களில் வைக்கவிடும் பிராந்திய வரைபடத்தைப் பயன்படுத்துங்கள். பக்கத்துச் சதுரத்தில் பள்ளி கல்லூரி அதிகம் இல்லாத ஒரு விவசாய ஊரைத் தனியாக வைத்து, சாலையால் இணைத்துவிடுங்கள். அங்கே வயல், இங்கே கோபுரம். பெரிய சோனாக இழுக்கும்போது கேம் தானாகத் தெரு போட்டு வயலைக் கூறு போடும், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் போடாது.

விவசாயம் இல்லாவிட்டால் என் மக்கள் பட்டினி கிடப்பார்களா?

ஸ்கைலைன்ஸிலும் சிம்சிட்டியிலும் மாட்டார்கள். அங்கே உணவு ஒரு சரக்கு, வெளியிலிருந்து வரும். பிழைப்பு வகை கேம்களில் கண்டிப்பாகக் கிடப்பார்கள். விவசாயத்தின் பலன் வயிற்றில் தெரிவது இந்த கேம்களில்தான்.

2014இல் தனியொருவர் உருவாக்கிய பேனிஷ்டில் ஒரு வயல் அதிகபட்சம் 15க்கு 15 கட்டம். வசந்தத்தில் விதைத்து இலையுதிர்காலத்தில் அறுக்க வேண்டும். ஆள் போதாமல் அறுவடை இழுத்தால் உறைபனி வந்து நிற்கும் பயிரை அழித்துவிடும். அதனால் பெரிய வயலும் குறைந்த ஆளும் என்பதைவிட, நடுத்தர வயலும் போதுமான ஆளும் நல்லது. பக்கத்துப் பக்கத்து வயலில் ஒரே பயிரைப் போட்டால் பூச்சித் தாக்குதல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கடின நிலையில் தொடங்கினால் கையில் விதையே இருக்காது. வணிகத்துறை கட்டி, படகில் வரும் வியாபாரியிடம் வாங்கும்வரை வேட்டையும் மீனும் காட்டுக் காயும்தான்.

மேனர் லார்ட்ஸில் (2024இல் முன்னோட்டப் பதிப்பாக வந்தது) மண்வளம் பயிருக்குப் பயிர் மாறும். மூன்று ஆண்டுச் சுழற்சி வைத்து, ஓர் ஆண்டு தரிசாக விட்டால் வளம் திரும்பும். ஃபார்தஸ்ட் ஃபிரான்டியரில் இது இன்னும் ஆழம்: கல் பொறுக்கி, களை எடுத்து, தீவனப்புல் விதைத்து மண்ணை வருஷக்கணக்கில் தேற்ற வேண்டும். சலிப்பு என்று சிலர் சொல்வார்கள். என் கணக்கில் நகரம் கட்டும் கேம்களில் விவசாயத்தை மதித்துச் செய்திருப்பது இதுதான்.

பழைய கேம்களில் 1999இன் ஃபாரோவைச் சொல்லாமல் விட முடியாது. நைல் வெள்ளம் ஏறி இறங்கும் சமவெளியில்தான் முக்கியமான பண்ணைகள். ஆண்டுக்கு ஒரு தடவை எல்லாம் தண்ணீருக்குள் போகும். ஒசைரிஸ் கோயிலைக் கவனிக்காவிட்டால் வெள்ளம் குறையும், வெள்ளம் குறைந்தால் விளைச்சல் குறையும். வயலை எங்கு வைப்பது என்ற முடிவை நதியே எடுத்துவிடுவதால், ஊரின் மற்ற எல்லாமே அந்த வயலைச் சுற்றித்தான் அமையும்.

நிஜ நகரத் திட்டமிடலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1898இல் எபனேசர் ஹோவர்ட் இங்கிலாந்தில் முன்வைத்த தோட்ட நகரத் திட்டத்தில் மொத்தம் 6,000 ஏக்கர், அதில் 1,000 ஏக்கரில் மட்டும் நகரம், மீதி 5,000 ஏக்கர் விவசாய நிலம். மக்கள்தொகை 32,000. நகரம் பரவாமல் வயல்வெளியே வேலியாக நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஸ்கைலைன்ஸில் ஊரைச் சுற்றி விவசாய மாவட்டத்தை வளையமாக வரைந்து ஆடிப் பாருங்கள், அடர்த்தியான ஊர் கட்டும் பழக்கம் தானாக வரும்.

அதற்கும் முன்பு, 1826இல் ஜெர்மானிய நிலக்கிழார் ஃபான் தூனன் நகரத்தைச் சுற்றி வளையங்களாக விவசாயம் அமைவதை விளக்கினார். சீக்கிரம் கெடும் பாலும் காய்கறியும் ஊருக்கு அருகே, தானியம் தள்ளி, கால்நடை மேய்ச்சல் கடைசியில். போக்குவரத்துச் செலவும் நில வாடகையும்தான் காரணம். விலை ஏறும் நிலத்திலிருந்து பண்ணையை விளிம்புக்குத் தள்ளும் கேம்கள் அதே தர்க்கத்தின் எளிய வடிவம்.

ஊர் பெரிதானதும் வயலை எடுத்துவிட்டு வீடு கட்டலாமா?

தாராளமாக. மண் கெட்டிருக்காது என்பதால் மறுநாளே வீட்டுச் சோன் போடலாம். தொழிற்சாலை இருந்த இடத்தில் கெடுதல் மறையும்வரை காத்திருக்க வேண்டும். எதிர்காலத்தில் வீடு வரப்போகும் நிலத்தை இப்போதைக்கு வயலாக வைத்திருப்பது நல்ல உத்தி. விவசாய மாவட்டத்தை மட்டும் அழித்துவிட்டு மஞ்சள் சோனை மறந்துவிடாதீர்கள், அதில் சாதாரணத் தொழிற்சாலை முளைத்துவிடும்.

பண்ணைக் கட்டடத்தின் மேல் 'பொருளை வாங்க ஆள் இல்லை' என்று குறி வருகிறது. என்ன செய்வது?

முதலில் சாலையைப் பாருங்கள், சந்தையை அப்புறம் பார்க்கலாம். பெரும்பாலும் வாங்க ஆள் இருப்பார், லாரிதான் நெரிசலில் மாட்டியிருக்கும். டிராஃபிக் பார்வையைத் திறந்து, விவசாயப் பகுதியிலிருந்து வெளியே போகும் முதல் இரண்டு சந்திப்புகள் சிவப்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா போட்டாலே பாதிக் குறிகள் மறையும். சாலை பச்சையாக இருந்தும் குறி போகவில்லை என்றால், பதப்படுத்தும் கட்டடங்கள் போதவில்லை. மாவட்ட எல்லையை வளமற்ற மண் பக்கம் கொஞ்சம் நீட்டுங்கள். 'கச்சாப் பொருள் இல்லை' என்ற குறி வந்தால் இதற்கு நேர்மாறு: பதப்படுத்துமிடம் அதிகம், வயல் குறைவு. எல்லையை உள்ளே இழுத்துவிட்டு, வளமான பக்கம் இன்னும் சில தெரு சேருங்கள்.